முப்பத்தொன்றாம் பகுதியின் தாசில்தார்

மே 6

அலுவலகத்தில் இந்த வாரம் எவனும் வேலை பார்க்கவில்லை. எல்லார் திரையிலும் ஒரே படிவம், வனவிலங்குத் துறையின் குலுக்கல் விண்ணப்பம். இந்த மலை மாநிலத்துக்கு வந்து எனக்கு இது மூன்றாவது வசந்தம். ஒவ்வோர் ஆண்டும் இதே கூத்துதான். மான், கரடி, காட்டு ஆடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குலுக்கல். சீட்டு விழுந்தால் ஒரு விலங்கைச் சுடலாம். விழாவிட்டால் ஆறுதலுக்கு ஒரு புள்ளி தருவார்கள். புள்ளி சேரச் சேர அடுத்த முறை வாய்ப்புக் கூடும். அந்தச் சீட்டுக்கு இங்கே டேக் என்று பெயர். நம்மூரில் அரசாங்க வேலைக்கான உத்தரவைப் பற்றிப் பேசும்போது குரல் தாழுமே, அப்படித் தாழ்த்தித்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மூஸ். குதிரையைவிட உயரம், ஒட்டகத்தின் முகம், தலையில் இரண்டு முறத்தைக் கட்டிவிட்டதுபோல் கொம்பு. ஆண் மூஸுக்கான சீட்டு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். என் மேலாளர் ட்வைட் கெல்லர் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். விழவில்லை.

இன்று என் மேசைக்கு வந்து, "ஏ ஷேங்க், நீயும் ஒண்ணு போட்டு வையேன்" என்றார். சங்கரலிங்கம் என்று முழுப்பெயர் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. அவர் பேசுவது ஆங்கிலம்தான். நான் இங்கே எங்கள் திருநெல்வேலித் தமிழில் எழுதிக்கொள்கிறேன். அப்போதுதான் அவர் திட்டினாலும் சொந்தக்காரர் திட்டியதுபோல இருக்கிறது.

நான் பரம்பரைச் சைவம். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். ஆனால் மேலாளர் சொல்லி மறுக்க முடியுமா, அதுவும் இந்த ஆண்டு? என் கிரீன் கார்டு மனுவில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் அனுப்பிய தாள்கள் பிப்ரவரி முதல் அவர் இழுப்பறையில் தூங்குகின்றன. மனு போய் ஏற்கப்பட்டால்தான் என் மனைவி காந்திமதிக்கு இங்கே வேலை செய்ய அனுமதி. அவள் ஊரில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் உதவியாளர். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தவள். விடுப்பு டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் கையெழுத்து விழுந்தால் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். விழாவிட்டால் போய்விடுவாளாம்.

விழும். ட்வைட் நல்ல மனிதர்.

மே 7

விண்ணப்பத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்று, குலுக்கலில் சேர்த்துக்கொள்ளவும். இன்னொன்று, குலுக்கல் வேண்டாம், புள்ளி மட்டும் போதும். நான் இரண்டாவதைத் தொடப்போனேன். காந்திமதி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ரேஷன் கார்டுல்லா" என்றாள். "உள்ளூர்க்காரனுக்கு இவ்வளவு, வெளியூர்க்காரனுக்கு இவ்வளவு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஒதுக்கீடு. அரிசிக்குப் பதிலா மிளா. அவ்வளவுதான?"

மூஸுக்கு அவள் வைத்த பெயர் மிளா. பாபநாசம் மலையில் அவள் பார்த்த பெரிய மான் அதுதான்.

"புள்ளி மட்டும் போதும்னு போடுதேன்."

"வேண்டாங்க. பாதி வேணும் பாதி வேண்டாம்னு எழுதுன மனுவை நாங்க தனியாத் தூக்கி வச்சிருவோம். பொறவு அது வெளிச்சத்தையே பாக்காது. உங்க மேலாளர் கண்ணுல பட்டா என்ன நினைப்பாரு? முழுசாப் போடுங்க. மொதத் தடவையே யாருக்கு விழப்போவுது?"

நியாயமாகத்தான் பட்டது. நம் ஆட்களில் எவனுக்காவது முதல் தடவையே எதுவாவது விழுந்ததுண்டா? முழுதாகப் போட்டேன். பழக்கதோஷத்தில் மடிக்கணினிக்குத் திருநீறும் பூசிவிட்டேன்.

ஜூன் 11

விழுந்துவிட்டது.

ஜூன் 12

ட்வைட் என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"முப்பத்தொண்ணாம் பகுதியா?"

"ஆமாம்."

"அதுக்கு மொத்தமே ரெண்டு சீட்டுதான்" என்றார். அப்புறம் கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

மற்றவர்கள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்று தரைத்தளத்துக் காவலாளிகூட மாடியேறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் துறையின் வேட்டை விதிக் கையேட்டைப் புரட்டினேன். சீட்டை விற்கக் கூடாது. மாற்றித் தரக் கூடாது. என் சீட்டுக்கு வேறொருவர் சுட்டால் இரண்டு பேருக்கும் வழக்கு. விசாவில் இருப்பவனுக்கு வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் இல்லை, எனக்கே தெரியும். துறைக்குத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று ட்வைட்டிடம் கேட்டேன்.

"குடுத்தா எவனோ ஒருத்தனுக்குப் போவும். எனக்கு வராது" என்றார். "அதையும் நான் பாத்துக்கிட்டு உயிரோட இருக்கணுமா?"

ஜூன் 20

சட்டம் படிப்பதில் எனக்குத் தனிச் சுகம் உண்டு. இன்று தெரிந்துகொண்டது: விசாவில் வந்தவன் இந்த நாட்டில் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆனால் வேட்டை உரிமம் வைத்திருந்தால் தொடலாம்.

அதாவது, காந்திமதி ஒரு மளிகைக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் குற்றம். உரிமம் எடுத்துக்கொண்டு அதே கடைக்கு எதிரே துப்பாக்கியோடு போனால் குற்றமில்லை. அவளிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை.

"எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு உத்தரவு வந்தா, எழுத்துப்பிழைன்னு திருப்பி அனுப்பிருப்போம்" என்றாள்.

ஜூலை 19

வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிந்தது. என்னைத் தவிர எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். தேர்வில் நான்தான் முதல். சுட்ட விலங்கின் இறைச்சியை வீணாக்குவது குற்றம் என்ற பாடத்தில் நூற்றுக்கு நூறு. மூஸைச் சுட்டால் ஒரு வண்டி இறைச்சி வருமாம். அதைச் சைவப்பிள்ளை வீட்டு ஃப்ரீசரில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் எங்கே வைப்பது என்று பயிற்சியாளரிடம் கேட்கத் துணியவில்லை.

காய்கறி முன்பைவிட வேகமாகத் தீர்கிறது. முட்டைக்கோஸ் வாரத்துக்கு ஐந்து வாங்குகிறாள். பொரியல் என்னவோ பழைய அளவுதான் தட்டில் விழுகிறது.

சாயங்காலங்களில் பின்வாசலில் நின்று யாரிடமோ பேசுகிறாள். பழைய அலுவலகத் தோழிகளாக இருக்கும். "தாசில்தார் இன்னைக்கு நேரமே வந்துட்டீயளே" என்று காதில் விழுந்தது. ஊர் ஞாபகம். மூன்று ஆண்டு ஆகியும் விடவில்லை.

ஆகஸ்ட் 3

ஞாயிற்றுக்கிழமைகளில் ட்வைட் எனக்குச் சுடக் கற்றுக்கொடுக்க அழைத்துப்போகிறார். துப்பாக்கி அவருடையது. ஆரஞ்சு மேலங்கியும் அவர் தந்ததுதான். அதைப் போட்டுக்கொண்டால் நான் சாலையில் குழி தோண்டுபவன்போல் இருக்கிறேன் என்கிறாள் காந்திமதி. இன்று காகிதத்தில் வரைந்த மூஸின் காதில் ஒரு குண்டு பட்டது. மற்றவை மலைக்குச் சேர்ந்தன.

திரும்பும் வழியில் அவராகவே பேச்செடுத்தார்.

"ஷேங்க், கொம்பு எனக்கு. கறியும் எனக்கு. உனக்கு அதுக வேண்டாம்லா?"

"வேண்டாம்."

"நீ குறி தவறுனா நான் பக்கத்துலதான் இருப்பேன். காட்டுல யாரு பாக்கா?" கொஞ்ச தூரம் வண்டி போனது. "சீசன் முடியட்டும். அந்த வக்கீல் பேப்பரை எடுத்துப் பாக்கணும்."

எவ்வளவு பெரிய மனசு. நான் ஞாபகப்படுத்தாமல் அவரே சொன்னார்.

ஆகஸ்ட் 9

வக்கீலிடமிருந்து பதில். கையெழுத்தானாலும் மனு ஏற்கப்பட ஓராண்டோ ஈராண்டோ ஆகலாமாம். அதற்குப் பிறகு கார்டு கைக்கு வர இந்தியாவில் பிறந்தவர்களுக்கென்று ஒரு தனி வரிசை. அது எவ்வளவு நீளம் என்று கேட்டிருந்தேன். உங்களுக்கு இப்போது என்ன வயது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் காந்திமதியிடம் இப்போதே சொல்லவேண்டிய அவசியமில்லை.

ஆகஸ்ட் 24

தாசில்தாரைப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் பின்வாசலில் தட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டும் குழம்புக் கரண்டியும். எட்டிப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் கடந்து ஓர் ஆண் மூஸ் வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. எல்லாரும் தனக்காகக் காத்திருப்பார்கள் என்று தெரிந்த ஆளின் நடை. புல்வெளியில் காந்திமதி வைத்திருந்த முட்டைக்கோஸின் மேல் இலைகளையும் பூசணித் தோலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது. இவள் படியில் உட்கார்ந்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மே மாசத்துலேருந்து வாராரு" என்றாள் என்னைப் பார்க்காமலேயே. "நடையைப் பாத்தீங்களா? எங்க பழைய தாசில்தாரேதான். கையெழுத்துக் கேட்டுப் போனா இப்படித்தான் மோந்து பாப்பாரு."

"காட்டு விலங்குக்குத் தீனி போடுவது குற்றம்ளா! கையேட்டிலே எழுதியிருக்கு."

"நான் எங்க போடுதேன்? மிச்சத்தை வெளியில வைக்கேன். அவரு எடுத்துக்கிடுதாரு."

"இது ஆபத்தான விலங்கு!"

"நான் பேசுனா நின்னு கேக்காரு. இந்த ஊருல அது அவரு ஒருத்தருதான்" என்றாள்.

நான் சீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர் எல்லை, சுடக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பத்தொன்றாம் பகுதி. பகலெல்லாம் தாசில்தார் அங்கேதான் படுத்திருக்கிறார்.

ட்வைட்டிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

செப்டம்பர் 20

வேட்டைக்காலம் தொடங்கி முதல் சனிக்கிழமை. இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 28

இரண்டு நாள் மலையில். ட்வைட் ஓர் அட்டைக் குழலை வாயில் வைத்துப் பெண் மூஸைப்போல் முனகினார். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது. ஒன்றும் வரவில்லை. என் தயிர்சாதம் உறைந்துவிட்டது. கத்தியால் வெட்டித்தான் சாப்பிட்டேன். இரண்டு நாளில் நாங்கள் பார்த்த விலங்குகள்: ஒரு அணில், எங்களைப்போலவே ஆரஞ்சு அணிந்த நான்கு பேர்.

வீடு வந்து சேர்ந்தபோது தாசில்தார் பின்புறத்தில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் காந்திமதி ஒன்று நறுக்கித் தந்தாள்.

அக்டோபர் 12

ட்வைட் வீட்டில் மதிய உணவு. எனக்காக உருளைக்கிழங்கை மட்டும் தனியாக வேகவைத்திருந்தார். கூடத்துச் சுவரில் நடுநாயகமாக ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார், மூஸ் கொம்புக்காக. அவர் மனைவி அங்கே ஒரு கடிகாரம் மாட்டிக்கொள்ளலாமா என்று வந்த நாள் முதலாகக் கேட்கிறாராம். சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. ஆணி மட்டும் அங்கேயே இருக்கிறது.

"எங்கப்பாவும் போட்டுக்கிட்டே இருந்தாரு. விழாமலே போய்ச் சேந்துட்டாரு" என்றார் ட்வைட். "வரிசையில நிக்கதுன்னா என்னன்னு உனக்கு எங்க தெரியும் ஷேங்க், மொதத் தடவையே வாங்குனவன்."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 19

பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தரச்சொன்னாள் காந்திமதி. கம்பளி உடைகளை எடுத்து வைக்கத்தான் இருக்கும். கம்பளி உடைகள் எல்லாம் அலமாரியிலேயே இருக்கின்றன என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 9

ட்வைட் பேசுவது குறைந்துவிட்டது. இன்னும் இரண்டு வார இறுதிகள்தான். சுட்டால் தங்குவாள் என்று ஒரு கணக்கு. சுட்டால் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது என்று இன்னொரு கணக்கு. நான் கணிதத்தில் எப்போதுமே சுமார்தான். பனி பெய்கிறது.

நவம்பர் 23

வேட்டைக்காலத்தின் கடைசி நாள். நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையெல்லாம் மலையில் சுற்றினோம். வழக்கம்போல் ஒன்றுமில்லை. பிற்பகலில் ட்வைட் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். பனி ஒட்டிய காலணிகளோடு பின்வழியாகப் போகலாம் என்று நான்தான் அழைத்துப்போனேன். இதைவிட மடத்தனமாக ஒருவன் நடந்துகொள்ள முடியாது.

புல்வெளிப் பனியில் குளம்புத்தடம். பக்கத்தில் புழுக்கைக் குவியல். ட்வைட் குனிந்து ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னைக்குள்ளது" என்றார்.

"பக்கத்து வீட்டுக் குதிரை."

இருபத்திரண்டு ஆண்டு கனவு கண்டவரிடம் அதைச் சொன்னேன். அவர் தடத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். மரப்பாலத்தில் ஓடையைக் கடந்து அந்தப் பக்கத்துப் புதருக்குள் போய்ப் படுத்தோம். காந்திமதி உள்ளே சமையலில் இருந்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

சூரியன் இறங்கிவிட்டது. சூரியன் இறங்கி அரைமணி வரை சுடலாம் என்பது விதி. வெளிச்சம் குறையும் நேரத்தில் தாசில்தார் எழுந்து வந்தார். இவ்வளவு கிட்டத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். கொம்பில் பனி. ஓடைக்கரையில் நின்று எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கைப் பார்த்தார். காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"சுடு" என்றார் ட்வைட். "ஷேங்க், சுடு."

விரல் மடங்கவில்லை.

"என்னால முடியல."

"அப்ப குடு. நான் சுடுதேன். யாரு பாத்தா? நாளைக்குக் காலையில மொத வேலை உன் பேப்பர்தான். கையெழுத்துப் போடுதேன். சத்தியம்."

அந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் பிப்ரவரியிலிருந்து காத்திருந்தேன். துப்பாக்கியை நீட்டினால் போதும். காந்திமதி பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவாள்.

அப்போது பின்கதவு திறந்தது. தட்டும் கரண்டியுமாக அவள் படியில் வந்து நின்று, ஓடைப் பக்கம் தேடினாள். நான் எழுந்து நின்றேன். என் தொண்டையில் இருந்த காற்றையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"ஏ காந்திமதீ! தட்டைத் தட்டுளா! வேகமாத் தட்டு!"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தட்டுத் தட்டென்று தட்டினாள். தாசில்தார் காதைத் திருப்பினார். எங்களை ஒருமுறை பார்த்தார், மனு போட்டவனைப் பார்ப்பதுபோல. பிறகு தண்ணீரில் இறங்கி, அதே நிதான நடையில் ஓடையைக் கடந்து ஊர் எல்லைக்குள் ஏறினார். ட்வைட் என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். பிடுங்கியபோது எதிரே இருந்தது எங்கள் வீடும், என் மனைவியும், வாசல் விளக்கடியில் முட்டைக்கோஸ் தின்னும் முப்பத்தொன்றாம் பகுதியின் மிகப்பெரிய ஆண் மூஸும்.

வேட்டைக்காரருக்கு உதவ ஓசையெழுப்பும் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிக் கையேட்டில் நிறைய விதிகள் இருக்கின்றன. விலங்குக்கு உதவக் கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை.

ட்வைட் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு வருசம்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மெய்யாகவே. தோளில் கைவைத்தேன். தட்டிவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் நடந்ததைக் காந்திமதியிடம் முழுவதும் சொன்னேன், அந்தச் சத்தியம் உட்பட. அவள் என் காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தான் பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

நவம்பர் 24

ட்வைட் என் பக்கம் திரும்பவில்லை. நான் என் மேசைப் பொருள்களை எதில் எடுத்துப்போகலாம் என்று ஒரு அட்டைப்பெட்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 25

காலையில் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"அது என்ன ஊதுகுழல்?"

"எது?"

"உன் வீட்டம்மா அடிச்சது. நானும் இருபது விதமான குழல் வாங்கிப் பாத்திருக்கேன். எதுக்கும் இப்படி வந்ததில்ல. என்ன கம்பெனி?"

"அது சாப்பாட்டுத் தட்டு. திருநெல்வேலியில் வாங்கினது."

எழுதிக்கொண்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து என் தாள்களை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"உன் சீட்டு போச்சு. ஆனா எனக்கு என்னைக்காவது விழும்லா? அன்னைக்கு உன் வீட்டம்மா தட்டோட இந்த ஊர்ல இருக்கணும். ரெண்டு பேரும் எங்கயும் போவக் கூடாது, சொல்லிட்டேன்."

என் படிப்பு, என் பதினாறு ஆண்டு அனுபவம், நான் எழுதிய நீர்ப்பாசன மென்பொருள், எதற்கும் விழாத கையெழுத்து ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு விழுந்தது. பரவாயில்லை, விழுந்ததே. வீடு வரை பாடிக்கொண்டே வந்தேன்.

காந்திமதி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அலுவலகத்தில் பார்ப்பதுபோல, முத்திரை, தேதி எல்லாம்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நவம்பர் 28

நேற்று நன்றி தெரிவிக்கும் திருநாள். தேவாலயத்தில் ஊருக்கே பொதுச் சாப்பாடு. பரிமாறத் தொடங்கும்போது யாரோ ஒரு பெரிய அகப்பையால் பாத்திரத்தைத் தட்டியிருக்கிறார்கள். தாசில்தார் நாலு தெரு தாண்டிப் போய்ச் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார். யாரையும் முட்டவில்லையாம். தன் முறைக்குக் காத்திருந்தாராம்.

இன்று காலை வனவிலங்குத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். புல்வெளியில் முட்டைக்கோஸ் இலைகளைப் பார்த்தார். எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். கடுமையாகப் பேசவில்லை. மனிதருக்குப் பழகிய விலங்கு இங்கே இருந்தால் ஒருநாள் யாராவது சுட்டுவிடுவார்கள், அதனால் நேற்றிரவே மயக்கஊசி போட்டு மாநில எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டோம் என்றார். காதில் அடையாள வில்லை மாட்டியிருக்கிறார்களாம்.

காந்திமதி தன் ஆங்கிலத்தில் கேட்டாள். "எவ்வளவு நாள் ஆச்சு? அனுமதிக்கு?"

"மத்தியானம் கேட்டோம், சாயங்காலம் வந்துட்டு" என்றார் அந்த அம்மாள்.

"அந்த மாநிலத்துக்காரங்க ஒண்ணும் கேக்கலையா? எங்க பொறந்தாருன்னு?"

அதிகாரிக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் வாசலைப் பெருக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 2

காந்திமதி பயணச்சீட்டு வாங்கிவிட்டாள். ஒருவழி.

"கையெழுத்து விழுந்துட்டுல்லா?" என்றேன். "இருக்கேன்னு சொன்னயே."

"சொன்னேன். விழுந்தா வேலைக்குப் போவலாம்னு நீங்க சொன்னீங்க. இன்னும் ரெண்டு வருசம் ஆவும்னு சொல்லல. அதுக்கு மேலயும் ஒரு வரிசை இருக்குன்னு சொல்லல. வரிசை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நான் வரிசைய நடத்துன ஆளுங்க."

நான் பயணச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தட்டுச் சத்தத்துக்கு அவரைப் பழக்குனது நான். தப்புதான். இந்தக் கையெழுத்துக்கு என்னையப் பழக்கி வச்சது நீங்க. இந்தா விழுது, அந்தா விழுதுன்னு மூணு வருசமா சன்னல்ல நின்னாச்சு. கடைசியில அந்த மனுசன் கொம்பு மாட்டுததுக்கு நான் தட்டுத் தட்டணுமாம்." கொஞ்ச நேரம் புடவையை மடித்தாள். "அன்னைக்கு நீங்க கத்துனீங்கள்லா, அதுக்காக இருந்துரலாமான்னு தோணத்தான் செய்யுது. ஆனா போறேன். நீங்க வரிசையில நில்லுங்க. முறை வந்தா தட்டைத் தட்டுங்க. வாரேன்."

டிசம்பர் 14

விமான நிலையத்தில் அவள் அழவில்லை. நான் அழுதேன்.

ஏப்ரல் 11

அலுவலகத்தில் இந்த வாரம் எவனும் வேலை பார்க்கவில்லை. இந்த ஆண்டு விண்ணப்பம் முன்கூட்டியே வந்துவிட்டது. ட்வைட் இருபத்துமூன்றாவது முறையாகப் போடுகிறார். எனக்குப் படிவம் தேவையில்லை, என் வாழ்நாள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. சுடாத சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில், அவள் ஒட்டிய இடத்தில் இருக்கிறது.

சாயங்காலம் பின்வாசலில் போய் வெறும் தட்டைத் தட்டினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் எதுவும் அசையவில்லை. உள்ளே வந்து கையேட்டில் தேடினேன், வெறும் தட்டைத் தட்டுவதற்குத் தடை இல்லை. மறுபடியும் போய்த் தட்டினேன். அப்புறம் காந்திமதியைப் போனில் கூப்பிட்டு, அவள் எடுத்ததும் பேசாமல் அதன் அருகில் தட்டினேன். ஊரில் அப்போது விடிந்திருக்கும்.

"யாரு என்னத்தத் தட்டுதா?"

"நான்தான்."

"முறை வந்துட்டா?" குரல் மாறியிருந்தது.

"இல்ல. வக்கீல் என் வயசைத்தான் மறுபடி கேட்டாரு."

"பொறவு என்னத்துக்குத் தட்டுதீங்க?"

ஓடையைப் பார்த்தேன். நாலு மாதமாக இந்தப் படியில் நின்று என்னிடம் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று வருசம் அவள் எப்படி நின்றாளோ.

"நீ தட்டுளா" என்றேன். "நான் வாரேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. அதையும் யாரோ நிறுத்தினார்கள். பாத்திரங்களுக்குள் எதையோ தேடும் சத்தம். பிறகு தட்டுச் சத்தம், தெருவே எழுந்துகொள்ளும் அளவுக்கு.

சின்னப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். இங்குள்ள தட்டையும் கரண்டியையும் அதில் வைக்கவில்லை. திங்கட்கிழமை ட்வைட் மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும்.